தாராவி: இடிப்புக்கான செலவை ஏற்பவர் யார்?

(தாராவி மறுவளர்ச்சித் திட்டம் குறித்துக் கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

மும்பையின் நடுப்பகுதியில், மித்தி ஆற்றுக்கு அருகே, மாகிமுக்கும் சயானுக்கும் இடையில் சுமார் 600 ஏக்கரில் அமைந்திருக்கிறது தாராவி. பல இலட்சம் உழைப்பாளர்களின் வீடும் அதுவே, பட்டறையும் அதுவே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தோல் பதனிடும் தொழிலில் கால்பதித்த தமிழர்கள், சௌராஷ்டிராவிலிருந்து வந்து கும்பார்வாடாவில் சூளை அமைத்த குயவர்கள், உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தையல் தொழிலாளர்கள், இவர்கள் அனைவருக்கும் முன்பே அங்கு வாழ்ந்த கோலி மீனவர்கள் என்று தாராவி ஒரு சிறு இந்தியாவாக விளங்குகிறது. இன்று அதை முழுவதுமாக இடித்துக் கட்டும் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

இத்திட்டத்தால் அரசுக்குச் செலவில்லை, தனியார் நிறுவனமே இடித்துக் கட்டிக் கொடுக்கும், மக்களுக்கு வீடு இலவசம் என்பதே ஆட்சியாளர்களின் பிரச்சாரத்தின் சாரம். இதைக் கேட்கும் சாதாரண மனிதருக்கு இதில் என்ன தவறு என்ற ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்திற்கு விடையளிக்க வேண்டிய பொறுப்பு கட்சி உறுப்பினர்களுக்கு உண்டு. இந்த இடிப்புக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்ற ஒற்றைக் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றால் விடை கிடைத்துவிடும்.

பழைய கணக்கு

நகரத்தை இடித்துப் புதுப்பிப்பதற்கு நிதி திரட்டும் கலை புதிதன்று. 1853இல் பாரிஸ் நகரை உள்ளடக்கிய மாவட்டத்தின் ஆட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற ஹவுஸ்மான், தொழிலாளர் குடியிருப்புகளைத் தகர்த்து அகன்ற சாலைகளை அமைத்தார். அதற்கான பணம் பெருமளவு கடனாகத் திரட்டப்பட்டது. சாலை அமைந்தபின் உயரப்போகும் நிலமதிப்பே அந்தக் கடனுக்கான நம்பிக்கை. கணக்குகளில் இருந்த முறைகேடுகள் அம்பலமாகி, 1870இன் தொடக்கத்தில் அவர் பதவி இழந்தார். 1872இல் வீட்டுவசதிப் பிரச்சனை குறித்து எழுதிய எங்கெல்ஸ், இம்முறைக்கு அவருடைய பெயரையே சூட்டினார். முதலாளி வர்க்கத்திற்கு வீட்டுப் பிரச்சனையைத் தீர்க்கத் தெரிந்த வழி ஒன்றே. ஓரிடத்தில் இடித்து, அதே அவலத்தை வேறிடத்தில் தோன்றச் செய்வது என்பதே அவரது முடிவின் கருத்து.

பம்பாயும் இப்பாடத்தை நேரில் கண்டது. 1896இல் பிளேக் நோய் பரவியதைத் தொடர்ந்து 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அரசு நிலமும் மாநகராட்சி நிலமும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. மாநகராட்சி தன் வரி வருவாயிலிருந்து பங்களித்தது. நோயின் பெயரால் தொழிலாளர் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அகன்ற சாலைகளும் புதிய மனைகளும் தோன்றின. ஆனால், வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஈடான வீடுகள் உரிய காலத்தில் எழவில்லை. அவர்கள் அடுத்த தெருவின் நெரிசலான அறைகளில் குடியேறினர். நோயும் அவர்களுடன் சென்றது.

ஆனாலும் அன்றைய ஏற்பாட்டில் ஒன்று தெளிவாக இருந்தது. இடிப்புக்குப் பொதுப்பணம் செலவாகிறது என்பதை ஏட்டில் காண முடிந்தது. இன்றைய ஏற்பாட்டின் சிறப்பு, செலவாவது பொதுச்சொத்தே என்றாலும் அது எந்த ஏட்டிலும் செலவாகப் பதியப்படுவதில்லை என்பதே.

நிலமே நாணயமான கதை

விடுதலைக்குப் பின்னரும் குடிசைப் பகுதிகளை அகற்றுவதே அரசுக் கொள்கையாக நீடித்தது. 1971இன் மகாராஷ்டிர குடிசைப் பகுதிகள் சட்டத்தை அடுத்து, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, தெருவிளக்கு ஆகியவற்றுக்காகவேனும் பொது நிதி ஒதுக்கப்பட்டது. 1985இல் தாராவிக்கு வந்த அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி, பம்பாய் நகரத்துக்கென 100 கோடி ரூபாய் மானியத்தை அறிவித்தார். அதன் ஒரு பகுதி தாராவிக்குச் செலவிடப்பட்டது. அதே ஆண்டில், பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதார உரிமை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பும் அறிவிப்புக் கொடுத்து அகற்றுவதை அனுமதிக்கவே செய்தது என்பதையும் மறக்கலாகாது.

1991க்குப் பின் காட்சி மாறியது. 1995இல் மகாராஷ்டிரத்தில் ஆட்சிக்கு வந்த சிவசேனா – பாஜக கூட்டணி, மும்பையின் 40 இலட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று முழங்கியது. இதற்கென குடிசைப் பகுதி மறுவாழ்வு ஆணையம் அமைக்கப்பட்டது. திட்டத்தின் உள்ளடக்கம் எளிமையானது. கட்டுமான முதலாளி குடிசைகளை இடித்து, நிலத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடி கட்டி மக்களை அதில் ஏற்றிவிடுவார். விடுபட்ட நிலத்தில் சந்தை விலைக்கு விற்பதற்கான வீடுகளைக் கட்டிக்கொள்வார். பட்ஜெட்டில் ஒதுக்கீடு தேவையில்லை.

இங்கே தளப்பரப்புக் குறியீடு என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். ஆயிரம் சதுர அடி மனையில் குறியீடு ஒன்று எனில் ஆயிரம் சதுர அடி கட்டலாம். நான்கு எனில் நாலாயிரம் சதுர அடி கட்டலாம். மனை அதேதான். கூடுதலாகக் கிடைத்த மூவாயிரம் சதுர அடியை உண்டாக்கியது அரசின் ஆணை. சதுர அடிக்குப் பல்லாயிரம் ரூபாய் விலைபோகும் மும்பையில் இந்த ஆணை ரொக்கப் பணத்துக்குச் சமம். ஆக, அரசு செலவழிக்காமல் இல்லை. கருவூலத்தின் ரூபாய்க்குப் பதிலாகக் கட்டுமான உரிமையை அச்சடித்து வழங்குகிறது. அந்தக் கட்டடங்களுக்கு வேண்டிய தண்ணீர், கழிவுநீர், சாலை, மின்சாரம் ஆகியவற்றின் சுமை முழு நகரத்தின் தலையில் விழுகிறது.

இம்முறை மக்களுக்கு வீடு தந்ததா? ஐந்து ஆண்டுகளில் 8 இலட்சம் வீடுகள் என்பது அன்றைய வாக்குறுதி. சுமார் 30 ஆண்டுகள் கடந்தும் அதில் பாதியைக்கூட அது எட்டவில்லை. நிலத்தின் விலை அதிகமாக உள்ள இடங்களையே முதலாளிகள் தேடிச் சென்றனர். இலாபம் குறைவான இடங்கள் கைவிடப்பட்டன. இந்தச் சட்டத்தின் செயல்பாட்டால் 1,600க்கும் மேற்பட்ட வழக்குகள் மும்பை உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், சட்டத்தின் செயல்பாட்டை மறுஆய்வு செய்யுமாறு 2024 ஜூலையில் உயர் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டது.

தாராவிக்கு வந்த விலை

இந்த முறையின் உச்சமே தாராவித் திட்டம். 2004இல் மாநில அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. பலமுறை டெண்டர் கோரப்பட்டும் பணி தொடங்கவில்லை. 2018இல் கோரப்பட்ட டெண்டரில் செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடி ரூபாயும், அதானி குழுமம் 4,539 கோடி ரூபாயும் கேட்பு விலையாகக் குறிப்பிட்டன. 2020இல் அந்த டெண்டர் இரத்து செய்யப்பட்டது. திட்டத்தில் இரயில்வே நிலம் சேர்க்கப்பட்டது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 2022இல் புதிய நிபந்தனைகளுடன் மீண்டும் டெண்டர் கோரப்பட்டது. 5,069 கோடி ரூபாய் குறிப்பிட்ட அதானி நிறுவனம், 2,025 கோடி ரூபாய் குறிப்பிட்ட டிஎல்எஃப் நிறுவனத்தைப் பின்தள்ளி வென்றது. செக்லிங்க் தொடுத்த வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் பணிகளுக்குத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் மறுத்தது. திட்டத்தை நிறைவேற்றும் கூட்டு நிறுவனத்தில் அதானி குழுமத்திற்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு.

எந்த முதலாளிக்கு ஒப்பந்தம் சென்றது என்பதோடு விவாதம் நின்றுவிடக் கூடாது. டெண்டர் காலத்தில் இத்திட்டத்தின் மதிப்பு சுமார் 20,000 கோடி ரூபாய் என்று கூறப்பட்டது. வென்ற நிறுவனம் குறிப்பிட்ட தொகை அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மீதி எங்கிருந்து வரும்? தாராவி மண்ணில் எழப்போகும் விற்பனைக் கட்டடங்களிலிருந்து வரும். தாராவிக்கு மறுகரையில் இருப்பது பாந்திரா – குர்லா வளாகம். நாட்டின் மிக விலையுயர்ந்த வணிக நிலங்களில் ஒன்று. தாராவியின் சதுப்பு நிலத்தை மேடாக்கி வாழத்தக்க இடமாக்கியது மூன்று, நான்கு தலைமுறை உழைப்பாளர்களின் கரங்கள். அந்த மண்ணின் மதிப்பு இப்போது முதலாளியின் மூலதனக் கணக்கில் ஏறுகிறது.

இத்துடன் முடியவில்லை. மாற்றத்தக்க கட்டுமான உரிமை, சுருக்கமாக டி.டி.ஆர்., என்றொரு ஏற்பாடு உண்டு. ஓரிடத்தில் பயன்படுத்தப்படாத கட்டுமான உரிமையைச் சான்றிதழாக்கி வேறிடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம். 2023 நவம்பரில் மாநில அரசு வெளியிட்ட அறிவிக்கை, மும்பையின் கட்டுமான நிறுவனங்கள் தமக்குத் தேவையான டி.டி.ஆரில் முதல் 40 விழுக்காட்டைத் தாராவித் திட்டத்திடமிருந்தே வாங்க வேண்டும் என்று கூறியது. அரசு வழிகாட்டி மதிப்பில் 90 விழுக்காடு வரை அதற்கு விலை வைக்கலாம். சந்தைப் போட்டியின் மகிமையை நாள்தோறும் ஓதுபவர்கள், இங்கே வாங்குபவரையும் விலையையும் ஆணையின் மூலம் உறுதிசெய்து கொடுத்தார்கள். போரிவலியிலோ செம்பூரிலோ வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பத்தின் மாதத் தவணையிலும் இதன் சுமை ஏறும். தனியார் நிதி என்று பெயர் சூட்டப்பட்டதன் உண்மை உருவம் இது.

எண்ணப்படுபவரும் விடுபடுபவரும்

இந்தக் கணக்கின் மறுபக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். தாராவிக்குள் எத்தனை பேருக்கு வீடு கொடுக்கிறாரோ, அந்த அளவுக்கு முதலாளியின் விற்பனைப் பரப்பு குறைகிறது. எனவே தகுதியானவர்களின் எண்ணிக்கையைச் சுருக்குவது திட்டத்தின் நிதி அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்பவர்களுக்கு மட்டுமே தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, அதற்கு 2.5 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். 2011க்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் வசிப்பவர்களுக்கும் வெளியே வாடகை மற்றும் தவணை அடிப்படையிலான வீடு. தாராவியை அறிந்தவர்களுக்கு மேல்தளம் என்பதன் பொருள் தெரியும். கீழே தையல் பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே குடும்பம். மகனுக்குத் திருமணமானால் அவனுக்கு ஒரு மாடி. ஒரே கூரையின் கீழ் வாழும் தந்தை தகுதியுள்ளவர், மகன் வெளியேற்றத்துக்கு உரியவர் என்று இந்த விதிமுறை பிரிக்கிறது.

வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளிக்குக் கையில் ஆவணம் இருக்காது. வீட்டுக்காரர் அவர் பெயரில் இரசீது எழுதியிருக்க மாட்டார். தோல் பொருள் செய்பவர், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பவர், அதிகாலையில் இட்லி அவித்து மும்பையின் தெருக்களுக்கு எடுத்துச் செல்லும் தமிழ்க் குடும்பம் ஆகியோருக்கு வீடும் தொழிலிடமும் வேறு வேறல்ல. நடந்துபோகும் தூரத்தில் இரயில் நிலையம் இருப்பதே அவர்களின் பிழைப்புக்கு ஆதாரம். பத்தாவது மாடியில் களிமண்ணைக் குழைக்க முடியாது. சூளை வைக்கவும் முடியாது.

இதற்கு முன்னுதாரணம் தாராவியின் வரலாற்றிலேயே உண்டு. 1971இல் தேவ்னாரில் புதிய இறைச்சிக்கூடம் திறக்கப்பட்டு, பாந்திராவின் பழைய கூடம் மூடப்பட்டபோது, தாராவியின் தோல் பதனிடும் தொழில் தன் மூலப்பொருளை இழந்து நலிந்தது. அன்று தொழில் நகர்ந்தது. இன்று மக்களையே அதே திசையில் நகர்த்தத் திட்டமிடப்படுகிறது.

அனுப்பப்படும் இடங்கள்

வெளியேற்றப்படுவோருக்கு வீடு கட்டுவதற்கும் பொதுநிலமே எடுக்கப்படுகிறது. காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் உள்ள சுமார் 256 ஏக்கர் உப்பள நிலம், தேவ்னார் குப்பைக் கிடங்கின் 124 ஏக்கர், குர்லா மதர் டெய்ரியின் 21 ஏக்கர் ஆகியவற்றை இதற்கென வழங்க 2024இல் மாநில அரசு முடிவெடுத்தது. உப்பளங்கள் மழைநீரையும் கடல்நீரையும் தாங்கிக்கொள்ளும் தாழ்நிலங்கள். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழையில் மூழ்கிய நகரம், தன் வடிகாலை அடைத்துக்கொள்ளத் துணிகிறது.

தேவ்னார் கிடங்கில் 1927 முதல் மும்பையின் குப்பை கொட்டப்படுகிறது. 2016 ஜனவரியில் அங்கு பற்றிய தீயின் புகை நாள்கணக்கில் நகரத்தைச் சூழ்ந்தது. அக்கிடங்கின் சுமார் 185 இலட்சம் டன் பழைய குப்பையை அகற்றுவதற்கு மும்பை மாநகராட்சி 2025இல் 2,368 கோடி ரூபாய் மதிப்பில் டெண்டர் கோரியது. குப்பையை அகற்றுவது நல்லதே. ஆனால் அரசுக்குச் செலவில்லாத திட்டம் என்ற பிரச்சாரத்துடன் இந்தத் தொகையை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அதானி நிறுவனம் குறிப்பிட்ட தொகையில் பாதிக்குச் சற்றே குறைவான பணத்தை, மக்களை அனுப்பவிருக்கும் ஓர் இடத்தைச் சுத்தம் செய்யும் பணிக்கு மட்டும் மாநகராட்சி செலவிடுகிறது.

மாசுபட்ட இடத்திற்கு மக்களை அனுப்புவதன் விளைவை மும்பை ஏற்கெனவே அறியும். தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்திலிருந்து அகற்றப்பட்டவர்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த மாகுல் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். நோயுற்ற மக்கள் வீதியில் அமர்ந்து போராடினர். யாரையும் அங்கே செல்லுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வாடகையாக மாதம் 15,000 ரூபாய் வழங்க வேண்டும் என்றும் 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இடிப்பின் செலவில் இத்தகைய நோய்களும் அடக்கம். அவற்றை எந்த டெண்டரும் குறிப்பிடுவதில்லை.

மாற்று உண்டு

அப்படியானால் தாராவி இன்றுள்ளபடியே இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பொதுக் கழிப்பறை முன் வரிசையில் நிற்கும் பெண், மழைக்காலத்தில் வீட்டுக்குள் சாக்கடை நீரை இறைக்கும் குடும்பம், வெளிச்சம் புகாத சந்தில் காசநோயோடு போராடும் தொழிலாளி ஆகியோரின் வாழ்வை அழகுபடுத்திப் பேசுவது இடதுசாரிகளின் வேலையன்று. நல்ல வீட்டுக்கான தாராவி மக்களின் விருப்பம் முற்றிலும் நியாயமானது. அந்த விருப்பத்தைக் காட்டியே நிலம் பறிக்கப்படுவதால்தான் இப்போராட்டத்தைத் தெளிவோடு நடத்த வேண்டியிருக்கிறது.

அரசு நிறுவனத்தால் இதைச் செய்ய முடியாது என்ற வாதத்துக்கு மும்பையிலேயே மறுப்பு உண்டு. 1920களில் கட்டப்பட்டு, ஆலைத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த பிடிடி சால்கள் வொர்லி, நைகாவ், என்.எம். ஜோஷி மார்க் பகுதிகளில் உள்ளன. அவற்றின் மறுசீரமைப்பை மாநில வீட்டுவசதி வாரியமான மாடா மேற்கொண்டிருக்கிறது. 160 சதுர அடி அறைகளில் இருந்தவர்களுக்கு அதே இடத்தில் 500 சதுர அடி வீடு உரிமையாக வழங்கப்படுகிறது. 2025 ஆகஸ்டில் வொர்லியில் 556 வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. அங்கும் விற்பனைக் கட்டடங்களின் வருவாயைக் கொண்டே செலவு ஈடுகட்டப்படுகிறது, குறைகளும் இருக்கின்றன. ஆனாலும் பொறுப்பு பொது நிறுவனத்திடம் இருக்கும்போது 500 சதுர அடி சாத்தியமாகிறது. அங்கே இயன்றது தாராவியில் ஏன் இயலாது?

2023 டிசம்பர் 16 அன்று தாராவியிலிருந்து அதானி நிறுவன அலுவலகத்தை நோக்கி நடந்த பேரணியில் எழுப்பப்பட்ட கேள்வியும் இதுவே. இடதுசாரிக் கட்சிகள் உள்ளிட்ட எதிர்க்கட்சிகளும் குடியிருப்போர் அமைப்புகளும் ஒரே அணியாகத் திரண்டதன் விளைவாக, 500 சதுர அடி வீடு என்பது இன்று ஒவ்வொரு சந்திலும் ஒலிக்கும் கோரிக்கையாகியுள்ளது.

அந்தக் கோரிக்கையுடன் இணைத்து முன்வைக்க வேண்டியவை சில உண்டு. கணக்கெடுப்பு முழுமையாக வெளியிடப்பட வேண்டும். தரைத்தளம், மேல்தளம், வாடகைதாரர் என்ற பாகுபாடின்றி அனைவருக்கும் தாராவிக்குள்ளேயே வீடு வேண்டும். பட்டறைகளுக்கும் சூளைகளுக்கும் தொழிலுக்கேற்ற இடம் திட்டத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். புதிய கட்டடம் ஒப்படைக்கப்படும் வரை பழைய வீட்டின்மீது கடப்பாரை விழக் கூடாது. நிலவுரிமை குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கங்களிடமும் பொது நிறுவனத்திடமும் இருக்க வேண்டும். வழங்கப்படும் கூடுதல் கட்டுமான உரிமையின் பண மதிப்பு எவ்வளவு, அதில் மக்களுக்குச் சேர்வது எவ்வளவு என்ற கணக்கு சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

தோழர்களே, இது தாராவியோடு முடியும் பிரச்சனையன்று. பொதுத்துறை நிலங்களையும் இரயில்வே நிலங்களையும் பணமாக்குவதையே வளர்ச்சிக்கான வழியாக ஒன்றிய அரசு முன்வைத்துவரும் காலம் இது. தாராவியில் வெற்றிபெறும் சூத்திரம் நாளை மற்ற நகரங்களின் உழைப்பாளர் குடியிருப்புகளின் கதவையும் தட்டும். தனியார் பணத்தில் இலவச வீடு என்று எவரேனும் சொல்லும்போது, அந்த நிலம் யாருடையது, கட்டுமான உரிமையை வழங்கியது யார், வெளியேற்றப்படுபவர் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கும் ஆற்றல் ஒவ்வொரு கிளைத் தோழருக்கும் இருக்க வேண்டும். வீடுவீடாகச் சென்று மக்களுக்கு அவர்களுடைய மொழியில் இந்தக் கணக்கை விளக்கும்போது, இடிப்புக்கான செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டிருப்பதை அவர்கள் உணர்வார்கள். செலவை ஏற்பவர்களுக்கே நகரத்தின்மீது உரிமையும் உண்டு என்ற முழக்கம் அந்த உணர்விலிருந்து எழும்.